அண்ணை இறங்காத ட்ராம்

1

மெல்பேர்ண் நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு பழைய ட்ராம் ஓடுகிறது. ட்ராம் பார்த்திராதவர்கள், தெருவில் தண்டவாளம் போட்டு அதில் பஸ் விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற ட்ராம்கள் எல்லாம் கண்ணாடியும் குளிரூட்டியுமாகச் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். இது மட்டும் மர இருக்கைகளும் தலைக்கு மேலே தொங்கும் தோல் வார்களுமாக, சந்திக்குச் சந்தி மணியடித்துக்கொண்டு கடகடவென்று வரும். உல்லாசப் பயணிகளுக்கென்றே விட்டிருக்கிறார்கள். பாராளுமன்றம், பழைய சிறைச்சாலை, பூங்கா, பெரிய ரயில் நிலையம், துறைமுகம் என்று பதிவுசெய்த குரல் ஒன்று ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டே வரும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். டிக்கெட் கிடையாது. சும்மா ஏறலாம், சும்மா இறங்கலாம்.

இங்கே இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இந்த ட்ராம் பெரிய உபகாரம். ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒருநாள் ட்ராம், ஒருநாள் கங்காரு, ஒருநாள் கோயில். மிச்ச நாளெல்லாம் வீட்டில் இருந்து தமிழ் நாடகம் பார்க்கவேண்டியதுதான். நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம். விருந்தாளி, வெளியே பூட்டிய வீட்டின் யன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊருக்குத் திரும்பிப் போய், நல்ல நாடு, சனத்தைத்தான் காணக் கிடைக்கவில்லை என்று சொல்லுவார்.

நான் வல்வெட்டித்துறைக்காரி. பெயர் வதனி. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடமாகப் போகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரிலும் சொல்லுவார்கள், இங்கேயும் சொல்லுகிறார்கள். அந்த வாயால் இந்த ட்ராமைப் பற்றி ஒரு பகிடிக் கதையைப் பிறந்தநாள் விழாக்களிலும் சாமத்தியச் சடங்குகளிலும் சொல்லிச் சொல்லிப் பெயர் எடுத்திருக்கிறேன். ஊருக்கு வந்தபோதும் சொன்னேன். உங்களில் சிலர் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். அந்தக் கதை பிழை. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

2

எனக்கு ஒரேயொரு அண்ணை. என்னைவிட எட்டு வயது மூப்பு. ஊரில் படகு இயந்திரங்கள் திருத்துகிற வேலை. நான் வெளிநாடு வர வெளிக்கிட்டபோது என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, திருகோணமலையில் இறங்கி, அங்கிருந்து பஸ். சண்டைக் காலம். வழியில் படையினரின் எத்தனை சோதனைச்சாவடியில் இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, திரும்ப ஏறினோம் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு இடத்திலும் அவர் தன்னுடைய அட்டையோடு என்னுடையதையும் சேர்த்து நீட்டினார். ஒருதரம் நான் அட்டையைக் கைப்பைக்குள் போட்டபோது ஏசினார்.

“அட்டையைப் பைக்குள்ளை வைக்காதை பிள்ளை. கையிலை வை. அட்டை கையிலை இல்லாமல் ஒரு இடமும் இறங்கக்கூடாது.”

விமான நிலையத்து வாசல்வரைக்கும் அதைத்தான் சொன்னார். வேறு புத்திமதி ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவரை இங்கே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்து, நினைத்து, கடைசியில் விண்ணப்பம் போட்டபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. முதல்தரம் மறுத்துவிட்டார்கள். இரண்டாம் தரமும் மறுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போவதற்குப் போதிய காரணம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லையாம். கடிதத்தைத் தொலைபேசியில் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

“அப்ப நான் ஏன் திரும்பி வாறன் எண்டு ஒரு கடிதம் எழுதட்டோ? எங்கடை கிணத்துத் தண்ணி நல்லம் எண்டு எழுதட்டோ?” என்றார்.

மூன்றாம் தரம் கிடைத்தது. மூன்று மாத விசா. அண்ணிக்கு விமானம் ஏறப் பயம், வரவில்லை. நான் அந்த இரண்டு மறுப்புக் கடிதங்களாலும் நன்றாகப் பயந்துபோயிருந்தேன். அண்ணை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே கையை நீட்டினேன்.

“பாஸ்போட்டைத் தாங்கோ அண்ணை. நான் அலுமாரியிலை வைச்சுப் பூட்டுறன். துலைஞ்சுது எண்டால் பெரிய கரைச்சல்.”

மறுபேச்சு இல்லாமல் தந்தார். தந்துவிட்டுக் கையை நீட்டியபடி நின்றார்.

“என்ன?”

“ரோக்கன்?”

சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கும் படையினரின் காவலரணில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு ரோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள். கரைக்கு வந்து ரோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் அட்டை கிடைக்கும். அண்ணை அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் விடவில்லை. கடையில் சாமான் தள்ளும் வண்டிலைப் பூட்டிலிருந்து கழற்ற நாணயத்துக்குப் பதிலாகப் போடுகிற மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்று மேசையில் கிடந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“இந்தாங்கோ ரோக்கன். போகேக்கை தந்திட்டுப் பாஸ்போட்டை எடுங்கோ.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் மேலும் சொன்னேன்: தனியாக ஒரு இடமும் போகவேண்டாம், ஏதும் பிரச்சினை வந்தால் அடுத்தமுறை விசா தரமாட்டார்கள், எங்களுக்கும் கரைச்சல். எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றார். இந்த நாட்டுத் தொலைபேசி இலக்கம் ஒன்றுகூட அவருக்கு வாங்கிக் கொடுக்கவில்லை. வீட்டில் வைஃபை இருக்கிறது, வெளியில் நான் கூட இருப்பேன், பிறகு எதற்கு என்று நினைத்தேன்.

3

என்னுடைய மகள் அபி அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவளுக்குத் தமிழ் விளங்கும், கதைக்கக் கூச்சம். நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். இப்படியே எங்கள் வீட்டில் இருபது வருடம் போயிருக்கிறது. நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நான் “ஓம்” என்று சொல்லுவதைக் கேட்டுக் கேட்டு தானும் “ஓம்” சொல்லப் பழகிவிட்டார். பெற்ற பிள்ளை பழகவில்லை.

ஆனால் அண்ணையோடு அவள் கதைத்தாள். உடைந்த தமிழில், கையால் பாதி, மடிக்கணினியில் படம் காட்டிப் பாதி. ஒருநாள் மாலை இரண்டுபேரும் குசினி மேசையில் தலையைச் சேர்த்துக்கொண்டு இருந்தார்கள். நகரத்தில் ட்ராம் போகிற துறைமுகப் பக்கத்தில் ஒரு பழைய பாய்மரக் கப்பலைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அபி அதன் படத்தைக் காட்டியிருக்கிறாள். அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“மூண்டு பாய்மரம். மரக்கட்டுத்தான். வதனி, இஞ்சை வா, உதைப் பார்.”

எங்கள் அப்பாவின் அப்பா இப்படியான கப்பலில் பர்மாவுக்குப் போய் அரிசி ஏற்றி வந்தவர். ஊரில் கப்பல் கட்டியவர்கள், ஓட்டியவர்கள் கதைகளைக் கேட்டே வளர்ந்தவர் அண்ணை. ஆனால் அவருடைய காலத்தில் ஊர்க் கடலில் ஒரு பாய்க்கப்பலும் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரோடு இருந்த மனிதர், பலகைக் கப்பல் ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை.

“ஒருக்காத் தொட்டுப் பாக்கவேணும்,” என்றார். இந்த நாட்டில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

“நான் வியாழக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு போறன்,” என்றாள் அபி. அதைத் தமிழிலேயே சொன்னாள்.

“உனக்குச் சோதனை எல்லாம் கிடக்கு. நீ படி. நான் கூட்டிக்கொண்டு போறன்,” என்றேன் நான். வாய் முந்திவிட்டது. அபி ஏதோ சொல்ல வந்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு எழும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை போயிற்று. ஒவ்வொரு கிழமையும் அண்ணை ஒருதரம் கேட்டார், நான் அடுத்த கிழமை என்றேன். மூன்றாம் தரம் கேட்கும்போது, உனக்கு நேரம் இருந்தால் பார், இல்லாட்டிலும் பறவாயில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

4

இனி அந்தப் பகிடிக் கதை. விழாக்களில் சொல்லுகிற மாதிரியே சொல்லுகிறேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் எனக்கு ஓய்வு. அண்ணையைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனேன். பெரிய ரயில் நிலையத்துக்கு முன்னால் ட்ராம் தரிப்பில் நிற்கும்போது வேலை இடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒருத்திக்குச் சுகமில்லை, ஒரு இரண்டு மணித்தியாலம் மட்டும் வரமுடியுமா என்றார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு இந்த நாட்டு மொழியில் இன்னும் வராது. ட்ராம் வந்தது. அண்ணையை ஏற்றி, சாரதிக்குப் பின்னால் இருந்த யன்னலோர இருக்கையில் இருத்தினேன்.

“அண்ணை, இது சுத்திச் சுத்தித்தான் ஓடும். ரெண்டு சுத்துப் போங்கோ. நான் வந்து இதே தரிப்பிலை ஏறுறன். பிறகு ரெண்டுபேரும் கப்பலடியிலை இறங்குவம். நான் வருமட்டும் இறங்காதேங்கோ.”

“ஓம், நீ போட்டு வா.”

அப்போது காலை பத்து மணி. வேலை இடத்தில் எனக்குப் பதிலாக வரவேண்டியவள் வரவில்லை. நான் திரும்பித் தரிப்புக்கு வந்தபோது பின்னேரம் மூன்று மணி. முதல் ட்ராமில் அண்ணை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பிறகு மூன்றாவது வந்தது. அதே இருக்கை, அதே யன்னல். என்னைக் கண்டதும் கையைத் தூக்கினார். ஏறி, பக்கத்தில் இருக்கப் போனேன்.

“இதிலை வேண்டாம். முன்னாலை இரு பிள்ளை. அங்கை இருந்தால்தான் வடிவாத் தெரியும்.”

நான் முன்னால் இருந்தேன். அவர் தொடங்கினார். “இப்ப வலப்பக்கம் பார், பெரிய தூண் வைச்ச வீடு வரும். பாராளுமன்றம். இனி இடப்பக்கம் மறியல் வீடு. இனி மணியடிப்பான், பார்.” சாரதி மணியடித்தான். ஐந்து சுற்றில் மனிதர் முழு நகரத்தையும் மனப்பாடம் செய்துவிட்டார். நான் இத்தனை வருடம் இருந்து அறியாததை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தார்.

கப்பலடி வந்தது. எழும்புங்கோ அண்ணை என்றேன்.

“இன்னொரு நாளைக்குப் பாப்பம். வீட்டை போவம்,” என்றார்.

கப்பல் கப்பல் என்று நின்றவர் கடைசியில் அதையும் விட்டுவிட்டார். எனக்கும் சமைக்க இருந்தது, நல்லதாய்ப் போயிற்று. ரயில் நிலையத்தடியில் எல்லோரும் இறங்கி முடியும்வரை எழும்பாமல் இருந்து கடைசியாக இறங்கினார். பார்த்தால், சுவெட்டரைக் கழற்றி அதன் கைகளால் இடுப்பில் கட்டியிருக்கிறார்.

“என்ன அண்ணை, பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி?”

“சூடாக் கிடக்கு பிள்ளை.”

வீட்டுக்கு வந்ததும் நேரே குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்து, மெஷின் இருக்க, அன்று போட்டிருந்த களிசானைக் கையால் தோய்த்துக் கொல்லைக் கொடியில் போட்டார். அதையும் நான் கதையில் சேர்த்துக்கொள்வேன், வல்வெட்டித்துறையை விட்டு வந்தாலும் மனிதர் கையால்தான் தோய்ப்பார் என்று. பிறகு கடைசி வரி: “மெல்பேர்ணை ஒரே நாளிலை ஐஞ்சு தரம் பாத்த ஆள் உலகத்திலை என்ரை அண்ணை மட்டும்தான். அதுவும் சும்மா.” இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ஒருதரமும் தவறியதில்லை.

இரண்டு கிழமை கழித்து அண்ணை ஊருக்குப் போனார். வாசலில் நின்று அந்த மஞ்சள் வில்லையை என் கையில் வைத்துவிட்டுக் கடவுச்சீட்டை வாங்கினார். அடுத்தமுறை கட்டாயம் கப்பல் பார்ப்போம் என்றேன். தலையாட்டினார். வில்லை பழையபடி என் கைப்பைக்கு வந்தது. கிழமைக்கு ஒருதரம் கடையில் வண்டிலுக்குப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. அவருக்கு நெடுநாளாக இருந்த சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, சிறுநீரகத்துக்குப் போய், போன வருடம் ஆடியில் அண்ணை மோசம்போனார். செத்தவீட்டை நான் கைத்தொலைபேசியில் பார்த்தேன்.

5

போன மாதம் ஊரில் அண்ணையின் ஆட்டைத் திவசம், முதலாம் வருட நினைவு. படையல் முடிந்து சாப்பிடுகிற நேரத்தில் வீடியோ அழைப்பு எடுத்தார்கள். இங்கே பின்னேரம். அபி இப்போது வேறு நகரத்தில் வேலை, அவளும் தன் வீட்டிலிருந்து அழைப்பில் சேர்ந்திருந்தாள். நடு அறையில் சொந்தக்காரர் இருபது முப்பது பேர். எல்லோரும் தொலைபேசியைக் கைமாற்றி என்னோடு கதைத்து அழுதார்கள். எனக்கு அது தாங்கவில்லை. கொஞ்சம் சிரிக்கட்டும் என்று ட்ராம் கதையைத் தொடங்கினேன். ஐந்து சுற்று, இடுப்பில் சுவெட்டர், களிசான், எல்லாம் சொல்லி, கடைசி வரியும் சொன்னேன்.

சிலர் சிரித்தார்கள். அண்ணியின் கைக்குத் தொலைபேசி போயிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எழும்பிக் கிணற்றடிக்கு நடந்தார். படம் ஆடியது. பிறகு அவருடைய முகம் மட்டும் தெரிந்தது.

“வதனி, இனி உந்தக் கதையைச் சொல்லாதை.”

“ஏன் அண்ணி?”

“உன்னட்டைச் சொல்லவேண்டாம் எண்டு சொன்னவர். இனி ஆளும் இல்லை. நீ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறதை என்னாலை கேட்டுக்கொண்டிருக்க ஏலாது.”

அண்ணி கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு தொடர்ந்தார்.

“அவருக்குச் சீனி எண்டு உனக்குத் தெரியுந்தானே. மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போகவேணும். அண்டைக்கு ஐஞ்சு மணித்தியாலம் அதுக்குள்ளை இருந்தவர். அடக்கிப் பாத்து, ஏலாமல், இருந்த இடத்திலையே போயிட்டுது. அதுதான் சுவெட்டரைக் கட்டினவர். அதுதான் உன்னைப் பக்கத்திலை இருக்க விடேல்லை.”

“ஏன் அண்ணி இறங்கேல்லை? கப்பலடியிலையே கக்கூஸ் இருக்கு. ட்ராம் அதிலை ரெண்டு மூண்டு நிமிசம் நிக்கும்.”

“கையிலை பாஸ்போட் இல்லையெண்டு இருந்தவர். இறங்கி நிண்டு ஆரும் பிடிச்சுக் கேட்டால் என்னத்தைக் காட்டுறது? தனக்கெண்டாலும் பறவாயில்லை, உனக்குக் கரைச்சல் வந்திடும் எண்டு சொன்னவர். மூண்டாம் சுத்திலை யூனிஃபோம் போட்ட ரெண்டுபேர் ஏறினவையாம். நெஞ்சு அடிச்சுப்போச்சுதாம். நீ குடுத்த ரோக்கனைக் கையிலை எடுத்துப் பொத்தி வைச்சுக்கொண்டிருந்தவராம். அதை எனக்குச் சொல்லிச் சிரிச்சவர். எனக்குச் சிரிப்பு வரேல்லை.”

“அண்ணி, இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்.”

“அது உனக்குத் தெரியும்,” என்றார் அண்ணி.

பிறகு, சாப்பிட்டவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டார். என்னில் கோபித்த மாதிரியும் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

6

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன் அல்லவா. முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் இருக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் கக்கூஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி, போனார்களா இல்லையா என்று குறித்து, கையெழுத்து வைக்கவேண்டும். சீனி வருத்தக்காரருக்கு இன்னும் அடிக்கடி. அன்றைக்கும் பத்தரையிலிருந்து இரண்டரை வரை யார் யாரையோ பெற்ற தகப்பன்மாரையும் தாய்மாரையும் நான் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் குறித்துக்கொண்டிருந்தேன். ஒருதரம்கூடத் தவறவிடவில்லை. தவறவிட்டால் கேள்வி வரும்.

அண்ணையின் சீனியை நான் மறந்திருக்கவில்லை. அவருக்குச் சோறு குறைத்துப் போட்டவள் நான்தான். ஆனால் அது என்னுடைய வீட்டுச் சோற்றோடு நின்றுவிட்டது. ஆடி மாதத்தில் இங்கே குளிரில் விரல் விறைக்கும். அந்த மரப்பெட்டிக்குள் இருந்துகொண்டு ஒருவர் சூடாகக் கிடக்கிறது என்கிறார், நான் சிரிக்கிறேன். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். யோசிக்காமல் ஐந்து வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் உயிரோடு இருந்தபோது அவருக்கு முன்னாலேயே, ஊரில், அவருடைய வீட்டிலேயே சொன்னேன். அவரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கடவுச்சீட்டைப் பூட்டி வைத்ததற்கு நான் வெட்கப்படுகிறேன். அட்டையைக் கையிலேயே வைத்திரு என்று எனக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவரிடம், அவருடைய அட்டையை வாசலில் வைத்துப் பறித்தேன். எங்களுடைய ஆட்களிடம் அட்டையை வாங்கினால் காலையும் சேர்த்துக் கட்டின மாதிரி என்று எனக்குத் தெரியாதா? நானும் அந்த வரிசைகளில் நின்றவள்தானே. முப்பது வருடத்தில் மறந்துபோனேன். மறந்ததைப் பெரிய கெட்டித்தனம் என்றுவேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அபி அன்று மாலை தனியாக அழைத்தாள். அண்ணி கதைத்தது எல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. வழக்கமாக ஆங்கிலத்தில் தொடங்குகிறவள், தமிழில் தொடங்கினாள்.

“அம்மா, ஏன் மாமாட்டை பாஸ்போட்டை வாங்கினீங்கள்?”

“துலைஞ்சுபோகும் எண்டு பயம்.”



“அந்த நேரம் எனக்குச் சோதனை இல்லை அம்மா. லீவு. நான் சொல்ல வந்தனான். நீங்கள் கேக்கேல்லை.”

அவள் சொன்னது சரி. ஆடி மாதத்தில் இங்கே பல்கலைக்கழகம் விடுமுறை. மூன்று கிழமையும் அந்தப் பிள்ளை வீட்டில்தான் இருந்தாள், தன்னுடைய அறைக்குள். அண்ணை கீழே யன்னலோரம் இருந்தார். நடுவில் நான், இரண்டுபேருக்கும் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு ஓடித்திரிந்தேன்.

“என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை,” என்றேன்.

“என்னட்டைக் கேட்டு என்ன அம்மா,” என்றாள். அண்ணையும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

7

நேற்று எனக்கு ஓய்வு. காலையில் வெளிக்கிடும்போது கைப்பையை வீட்டிலேயே வைத்தேன். அதற்குள்தான் சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி அட்டை, வேலை இடத்து அட்டை, என் படம் போட்ட எல்லாமே இருக்கின்றன. கைத்தொலைபேசியையும் வைத்தேன். நகரத்துக்குப் போய்வரப் பயண அட்டை வேண்டும், அதை எடுத்தேன். அதில் பெயரும் இல்லை, படமும் இல்லை. மேல்சட்டைப் பையில் அந்த மஞ்சள் வில்லை. அண்ணி சொன்ன நாளிலிருந்து அதை வண்டிலுக்குப் போடுவதில்லை.

ரயில் நிலையத்துக்கு முன்னால் ஏறினேன். சாரதிக்குப் பின்னால் யன்னலோர இருக்கை வெறுமையாக இருந்தது, இருந்தேன். ஐந்து சுற்றும் இருந்து பார்ப்பது என்றுதான் வந்தேன். பாராளுமன்றம், மறியல் வீடு, பூங்கா, எல்லாம் அண்ணை சொன்ன ஒழுங்கில் வந்தன. பதிவுசெய்த குரல் சொல்லுவதற்கு முன்னமே அண்ணையின் குரல் எனக்குக் கேட்டது. இரண்டாம் சுற்றில் யூனிஃபோம் போட்ட ஒரு பெண் ஏறினாள். எனக்கு முப்பது வருடமாக இல்லாத ஒரு துடிப்பு நெஞ்சில் வந்தது. கை தானாகப் பைக்குள் போய் வில்லையைப் பிடித்தது. அவள் ஒரு வயோதிபச் சோடிக்கு வரைபடம் ஒன்றைக் கொடுத்து, வழி சொல்லிவிட்டு, அடுத்த தரிப்பில் இறங்கிப் போனாள்.

மூன்றாம் சுற்றில் எனக்கு முட்டியது. நான் சீனிக்காரி இல்லை, அண்ணையைவிட எட்டு வயது குறைவு. ஆனாலும் மூன்றாம் சுற்றுக்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. கப்பலடி வந்ததும் இறங்கினேன். கக்கூஸ் எங்கே என்று தேடத் தேவையில்லை, தரிப்பிலிருந்தே பெயர்ப்பலகை தெரிகிறது. எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன். அறுபத்திரண்டு எட்டு.

பிறகு கப்பலுக்குப் போனேன். நானும் அதைக் கிட்டப் பார்த்தது நேற்றுத்தான். மூன்று பாய்மரம், அண்ணை எண்ணியது சரி. ஒரு வயதான மனிதர் முழங்காலில் இருந்து பலகைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். தொடலாமா என்று சைகையால் கேட்டேன். காயாத இடத்தைக் காட்டி, அதை விட்டுத் தொடு என்று சைகையால் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். உள்ளங்கையை வைத்தேன். பலகை குளிர்ந்து, ஈரமாக இருந்தது. அண்ணையாக இருந்தால் எந்த மரம், எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார், அந்த மனிதரோடும் பாசை இல்லாமலே அரை மணித்தியாலம் கதைத்திருப்பார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்று அழுதேன்.

திரும்பித் தரிப்புக்கு வந்தேன். உடனே ஏறவில்லை. ஒரு ட்ராமைப் போகவிட்டேன், பிறகு இன்னொன்றை. வில்லையைக் கையில் எடுத்து வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, ஆட்கள் போய்வரும் பாதையின் நடுவில் நின்றேன். நிறையப் பேர் போனார்கள். காவல்துறைக்காரர் இரண்டுபேரும் கோப்பி குடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். மூன்றாவது ட்ராம் வரும்வரை அங்கேயே நின்றேன். ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.